லாம் முதலாளியின் குரல்

மகன்,

உன் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்கு முன் உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரில் சொல்லப் பலமுறை முயன்றேன். நீ முன்னால் வந்து இருந்ததும் சாப்பாட்டைப் பற்றியோ காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றுவதைப் பற்றியோ கதைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போதாவது இடையில் எழுந்து போகாமல் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். ஆற்றங்கரைப் பழைய சாயத் தொழிற்சாலையில் நீ கட்டப்போகும் வைலிங் நடத்தும் கண்காட்சியில், கறுப்புத் திரைக்குப் பின்னால் ஓர் இருட்டறை இருக்கிறது. அங்கே ஓர் ஆண்குரல் காலையிலிருந்து மாலைவரை கன்டோனீஸ் மொழியில் உணவுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசலில் ‘என் தந்தையின் குரல்’ என்று எழுதி வைத்திருக்கிறாள். அவள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோன லாம் முதலாளியின் குரல் என்று எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். அது அவருடைய குரல் அல்ல. அது என்னுடைய குரல்.

நான் எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சரிபார்ப்பவன் என்று உனக்குத் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்று ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வந்த மனிதன் நான். இதையும் சரிபார்த்தேன். வயதாகிவிட்டது, காதில் மெஷின் வைத்திருக்கிறேன், நினைவும் முன்போல் இல்லை. நானே கற்பனை செய்கிறேனோ என்று சந்தேகப்பட்டேன். கூட்டமில்லாத ஒரு நாளில் தனியாகப் போய், அந்த அறையின் வாங்கில் இருந்து, குரல் சுற்றிச் சுற்றி வந்து முடியும்வரை கேட்டேன். அடுத்ததாக எந்தப் பெயர் வரும், எங்கே மூச்சு எடுக்கும், எங்கே தொண்டை கொஞ்சம் கரகரக்கும் என்பதெல்லாம் அது வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. வெளியே வர எழுந்தபோது இருட்டில் திரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி ஒரு மூலையில் போய் நின்றுவிட்டேன். என் குரலோடு என்னையும் வைத்துப் பூட்டிவிட்டதுபோல் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் வழி தெரிந்தது.

திறப்பு விழா மாலையில் இருந்து தொடங்குகிறேன். ‘அப்பா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு’ என்று நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போனாய். உன் அம்மா கலியாணத்துக்குக் கட்டுவதற்கு வைத்திருந்த சேலைகளில் இரண்டாம் தரமானதைக் கட்டியிருந்தாள். கண்காட்சி எனக்குப் பிடித்திருந்தது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனி முழுவதும் சீன உணவகங்களின் பின்னறைகளில் வீட்டுப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகளின் முகங்கள் ஒரு சுவர் நிறையப் பேசிக்கொண்டிருந்தன. வட்ட மேசை ஒன்றின் நடுத்தட்டைச் சுழற்றினால் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒவ்வொருவர் கதை கேட்டது. ஆவி கிளம்பும் பாத்திரத்தின் மேல் ஹொங்கொங் துறைமுகம் படமாக விழுந்து அசைந்தது. சீன மொழி படிக்கத் தெரியாத பெண் ஒருத்தி, தன் பெயரை எழுதிப் பழகும் காணொளி முன்னால் அம்மா கனநேரம் நின்றாள். ‘எங்கட பிள்ளையளும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில இப்பிடித்தான் அழுதழுது எழுதினதுகள்’ என்றாள். பிறகு நீ எங்களை அந்த இருட்டறைக்குள் விட்டுவிட்டு, ஒலி அமைத்தவன் நீதானே, வெளியே ஏதோ ஒலிபெருக்கி இரைகிறது என்று சரிபார்க்கப் போனாய்.

உள்ளே ஆறேழு ஜெர்மன்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். குரல் வந்தது. இரண்டாவது பெயரிலேயே நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

‘இஞ்சாருங்கோ.’

‘ம்.’

‘இது நீங்களெல்லோ.’

‘பேசாம இரும்.’

‘என்ன பேசாம இரும்? நீங்கள் இஞ்ச கூப்பிடும் வரைக்கும் ஊரில கசெற்றில கேட்டுக்கொண்டு இருந்த குரல் எனக்குத் தெரியாதே? கோயில்ல பதிகம் பாடுற மாதிரி இழுக்கிறியள். என்ன பாடுறியள்?’

‘பண்டி இறைச்சி.’

‘என்னது?’

‘இனிப்பும் புளிப்பும் போட்ட பண்டி இறைச்சி. அதுக்குப் பிறகு தாரா இறைச்சி வரும்.’

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பக்கத்தில் நின்ற வயதான ஜெர்மன் பெண்மணி, அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘டாங்க’ என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வைலிங் வந்தாள். நீ சொல்லிக் கொடுத்தபடி என்னை ‘மாமா’ என்று தமிழில் கூப்பிட்டு, மற்றதையெல்லாம் ஜெர்மனில் சொன்னாள். ‘கேட்டீங்களா மாமா? அப்பா. நீங்கள் அவரோட வேலை செய்த ஆள். இந்த அறையை நான் உங்களுக்காகவும்தான் செய்தேன்.’ என் இரண்டு கையையும் பிடித்திருந்தாள். அவளுடைய கை குளிர்ந்திருந்தது. ‘கேட்டேன்’ என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அதைவிட வேறு சொல் வேண்டியிருந்தது.

நான் லாம் முதலாளியிடம் வேலை செய்தேன் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. நாட்டை விட்டு வந்து, அகதி முகாமில் இருந்து, அனுமதிக் கடிதம் இல்லாமல் நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்றிருந்த காலம். வேலை செய்ய அனுமதி கிடைத்த அன்றே அவருடைய உணவகத்தின் பின்கதவில் போய் நின்றேன். பல்கலைக்கழகத்தில் கணிதம் இரண்டாம் வருடம் படித்தவன், மச்ச மாமிசம் தொடாதவன். எனக்குக் கிடைத்தது இறைச்சி பொரிக்கும் அடுப்பு. அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. லாம் முதலாளி என்னை விட ஐந்தாறு வயது மூத்தவர், கட்டையான மனிதர், எந்நேரமும் உரத்துக் கதைப்பவர். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், தினமும் எல்லோருக்கும் முதல் என் தட்டில் சோயாக் கட்டியும் கீரையும் வதக்கிப் போட்டுவிட்டு, ‘சாமிக்குப் படையல்’ என்று ஜெர்மனில் கத்துவார்.

அந்தக் குசினியில் ஒரு முறை இருந்தது. முன்பக்கத்திலிருந்து என்ன ஓடர் வந்தாலும் அதைக் கன்டோனீஸில் கூப்பிடுவார்கள். பொரிக்கிறவன், வதக்குகிறவன், சோறு போடுகிறவன், எல்லோரும் கேட்ட பெயரைத் திருப்பிக் கத்த வேண்டும். திருப்பிக் கத்தினால்தான் விளங்கிக்கொண்டான் என்று அர்த்தம். இல்லாவிட்டால் மேசையில் தாரா கேட்டவனுக்கு மாடு போகும். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அடுப்புத் தீயின் இரைச்சலும் புகை இழுக்கும் மெஷினின் இரைச்சலும் சேர்ந்து என்னை விழுங்கின. வந்த சத்தமும் பிழை. அந்த மொழியில் ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் இன்னொன்று. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் யோசித்தேன். ஏற்றமும் இறக்கமும்தானே, அது எனக்குத் தெரியாத விஷயமா? சிறு வயதில் கோயிலில் பதிகம் பாட ஓதுவாரிடம் பழகியவன் நான். ஒவ்வொரு உணவின் பெயருக்கும் பக்கத்தில் எண்ணெய்ப் பெட்டி மட்டையில் ஏறுகோடும் இறங்குகோடும் போட்டுக்கொண்டு, நான் பழகிய பண்ணிலேயே அவற்றை வைத்துப் பாடினேன். கூ லோ யோக். சியூ ஆப். சாவ் ஃபான். பண்டி, தாரா, வதக்கிய சோறு. அப்படிப் பாடினால் ஏற்ற இறக்கம் பிழைக்கவில்லை, குரலும் வெளியே வந்தது. பாட்டில் எனக்குப் பயம் இருந்ததில்லை, கதைப்பதில்தான் பயம்.

ஊரில் இருந்த உன் அம்மாவுக்குக் கசெற் பதிந்து அனுப்புவதற்காக ஒரு கசெற் ரேடியோ வாங்கி, முகாமில் சத்தம் என்று உணவகத்தின் சாமான் அறையில் வைத்திருந்தேன். மத்தியான ஓய்வு நேரத்தில் லாம் முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். ‘பதி. உன் குரலை நீயே கேள். எப்படிக் கத்துகிறாய் என்று உனக்கே தெரியட்டும்.’ நான் அடுப்பருகில் நின்று பெயர்களைப் பாடினேன். அவர் மேசையில் ஏறி இருந்துகொண்டு திட்டினார், கையைத் தட்டினார், சிரித்தார். அந்தக் கசெற்றைப் பிறகு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குப் போட்டுக் காட்டினார் என்று தெரியும். அவருக்கு மாரடைப்பு வந்து, உணவகம் கைமாறி, நான் தொழிற்சாலைக்குப் போய், அம்மாவும் வந்து சேர்ந்து, நீயும் பிறந்துவிட்டாய். அந்தக் கசெற் அவர்கள் வீட்டுப் பெட்டி ஒன்றில் கிடந்தது என்பது எனக்குத் தெரியாது. பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டு வைலிங் நம் வீட்டுக்கு வந்த அன்று நீயும் வந்திருந்தாய். ‘ஒரு பெட்டி கசெற் இருக்கிறது, எதில் என்ன இருக்கிறதென்று தெரியாது’ என்று அவள் சொன்னாள். ‘தாருங்கள், நான் கேட்டுப் பார்க்கிறேன்’ என்று நீ சொன்னாய். அன்றைக்கே அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். அதன் பிறகு நடந்தது நீங்கள் இரண்டு பேரும் அறிந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. தகப்பன் இறந்த பிறகு தாய் அவளோடு ஜெர்மன் மட்டும்தான் கதைத்தார். சாப்பாட்டுப் பெயர்கள் தவிர அவளுக்குக் கன்டோனீஸ் தெரியாது. தாய் இப்போது முதியோர் இல்லத்தில் ஆளை மறந்து இருக்கிறார். அந்தக் குரலைப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் மலர்ந்து வாய்விட்டுச் சிரித்தாராம். ‘அம்மா அவரைக் கண்டுபிடித்துவிட்டாள்’ என்று வைலிங் எங்களிடம் சொன்னபோது அவளுக்குக் கண் நிறைந்தது. பதிகம் பாடும் தமிழ்ப் பொடியனை நினைத்துத்தான் அந்த அம்மா சிரித்தார் என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? திறப்பு விழாவில் ஹொங்கொங்கிலிருந்து வந்து இங்கே வாழும் பெரியவர் ஒருவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ‘உங்கள் அப்பா எந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறார்?’ என்று கேட்டார். மலைப்பக்கத்துக் கிராமம் என்று அவள் சொன்னாள். ‘அப்படியென்றால் சரி’ என்று அவர் மரியாதையாகத் தலையாட்டினார். கண்காட்சிக் கையேட்டில் அந்த ராகத்தைப் பற்றி அழிந்துபோகும் தென்சீன நாட்டுப்புறப் பாட்டு முறை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாசித்துவிட்டுக் கையேட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விழா முடிந்து சாப்பிட இருந்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? உனக்கு அன்று நல்ல சந்தோஷம். அந்தக் கசெற்றை எப்படிச் சுத்தம் செய்தாய் என்று விளக்கினாய். ‘பின்னால ஒரு ஆள் நிண்டு கத்திக்கொண்டும் சிரிச்சுக்கொண்டும் இருந்தவர், அப்பா. குசினி வேலையாள் ஆரோ. சரியான தொல்லை. லாம் அங்கிள் சொல்லச் சொல்ல அவர் இடையில பூந்து பூந்து சீனத்தில கத்துறார். அவரை எடுக்கத்தான் எனக்கு ரெண்டு கிழமை போனது. இப்ப கேட்டுப் பாருங்கோ, ஆள் இருந்த இடமே தெரியாது.’ வைலிங் உன் தோளில் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கரண்டியைத் தட்டில் வைத்தேன். ‘என்னப்பா, உறைப்போ?’ என்று கேட்டாய். ‘ஓம், உறைப்பு’ என்றேன். நீ எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாய்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், நாளைக்கே அந்தப் பிள்ளையிடம் சொல்லப் போகிறேன் என்று. அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

‘உங்களுக்கு விசரே? கலியாணம் முடியட்டும்.’

‘அது அவளின்ர தகப்பன்ர குரல் இல்லை, என்னப்பா.’

‘இல்லைத்தான். அதுக்கு இப்ப என்ன செய்யிறது? ஊருக்கெல்லாம் அழைப்பு குடுத்தாச்சு. இந்த நேரம் போய், உன்ர அப்பா எண்டு நீ கும்பிடுறது என்ர தொண்டையை எண்டு சொல்லப் போறியளே? அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு வெடிச்சுப் போகும். இவ்வளவு காலம் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாமத்தானே இருந்தியள். இன்னும் மூண்டு மாசம் இருக்க ஏலாதோ?’

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் தெரிந்தது. யார் எதைச் சொன்னாலும் எனக்கு அது நியாயமாகத் தெரியும். அதுதான் என் நோய். இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு நித்திரை வரவில்லை. பகலில் தெருவில் போகும்போது வாய் தானாகக் கூ லோ யோக், கூ லோ யோக் என்று முணுமுணுத்தது. கடையில் தெரிந்தவர்கள், ‘அண்ணை, மருமகளின்ர கண்காட்சி பேப்பரில வந்திருக்காம், தகப்பன்ர குரலாமே’ என்று கேட்டார்கள். ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு மிளகாய்த்தூள் வாங்க மறந்து வந்தேன்.

பிறகு வைலிங் கலியாணத்தில் தேநீர் கொடுக்கும் சடங்கைப் பற்றிச் சொல்ல வந்தாள். அவர்கள் வழக்கத்தில் மணமக்கள் இருவரும் முழங்காலில் நின்று பெற்றோருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும், பெற்றோர் ஒரு வாய் குடித்தால்தான் கலியாணம் நிறைந்த மாதிரி. அவளுக்கு அதை விட்டுவிட மனமில்லை. தாய்க்குக் கொடுக்கலாம். தகப்பனுக்கு ஒரு வெறுங்கதிரை. அந்தக் கதிரையில் ஒலிபெருக்கி வைத்து, அந்தக் குரலைப் போட்டு, அதன் முன் கோப்பையை நீட்டப் போவதாகச் சொன்னாள். தகப்பனின் அக்கா ஹொங்கொங்கிலிருந்து இதற்காகவே வருகிறாராம். ‘அத்தை அவர் குரலைக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல். ஒன்றும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில்தான் கேட்பார்’ என்று சொல்லும்போது அவள் முகம் குழந்தை முகம்போல் இருந்தது. உங்கள் வழக்கத்தில் தேநீர் கறுப்பா பாலா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு அம்மா அப்படியே நின்றாள். ‘அந்தப் பிள்ளை முழங்காலில நிண்டு உங்கட குரலுக்குத் தேத்தண்ணி குடுக்கப் போகுது. பக்கத்துக் கதிரையில நீங்கள் இருந்து மற்றக் கோப்பையை வாங்கப் போறியள்’ என்றாள். நான் அவளைப் பார்த்தேன். ‘என்னைப் பாக்காதையுங்கோ. இதுக்கு நான் ஒண்டும் சொல்ல ஏலாது’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூடப்பிறந்த அக்காவுக்குத் தம்பியின் குரல் தெரியாமல் போகுமா? முந்நூறு பேருக்கு முன்னால் அவர் என்ன சொல்வார்? சொன்னாலும் அவளுக்கு அடி, சொல்லாவிட்டாலும் அவளுக்கு அடி. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பிள்ளை நின்றாள்.

நான் போகாமல் இருந்தேன் என்று நினைக்காதே. அவளைப் பார்க்கப் புறப்பட்டுத் தொங்குரயிலில் ஏறினேன். ஆற்றுக்கு மேல் பெட்டி ஆடிக்கொண்டு போனது. இறங்க வேண்டிய இடத்தில் கதவு திறந்தது, நான் எழவில்லை. கதவு மூடியது. கடைசி நிலையம்வரை போய், மறுபடி அதே பெட்டியில் திரும்பி வந்தபோதும் கதவு திறந்தது, அப்போதும் எழவில்லை. இன்னொரு நாள் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். ‘சொல்லுங்கள் மாமா’ என்றாள். கலியாண மண்டபத்தில் வாகனம் நிறுத்த இடம் போதுமா என்று கேட்டேன்.

நீ அந்தக் குரலை அடையாளம் காணவில்லை என்பதை நினைத்து உன்னை நோகாதே. அதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நீ கேட்டு வளர்ந்த என் குரல் அதுவல்ல. நீ நாலாம் வகுப்பு முடித்தபோது, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு உன்னைச் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று ஆசிரியை சொன்னார். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக நின்றவன் நீ. நான் ஓமும் நன்றியுமாக ‘ஜா, டாங்க’ என்று சொல்லி எழுந்து கைகொடுத்தேன். வரும் வழியில் நீ கேட்டாய், ‘அப்பா, நீங்கள் ஏன் எல்லாத்துக்கும் ஜா சொல்லுறீங்கள்?’ நான் குடையை விரித்தேன். பிறகு நீயே முட்டிமோதிச் சுற்றுவழியில் படித்து, ஒலிப்பதிவு வேலை பழகி, உன் காலில் நிற்கிறாய். நான் உன்னை எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கச் சொன்னேன், உனக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன். அங்கே படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் என்னிடம் கேட்பார்களே என்று. நீ ‘ஏலாது’ என்றாய். அன்று கோபித்தேன். இன்றைக்கு அந்தச் சொல்லை நீ எங்கே படித்தாய் என்று வியக்கிறேன், வீட்டில் அல்ல. உன் கலியாண வாழ்க்கைக்கு நான் ஒரு புத்தி சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: வைலிங் ஒன்றைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதே. அவள் காட்டுவதைப் பார்த்துச் சொல். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்பவனோடு வாழ்வது எப்படியென்று அம்மாவிடம் கேட்டுப் பார்.

முதலில் இந்தக் கடிதத்தை எழுதி உன்னிடம் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நீ அவளுக்குச் சொல்லிக்கொள்வாய் என்று. பாதி எழுதியபோது விளங்கியது, அப்படிச் செய்தால் நான் இருக்கும் பொறிக்குள் உன்னைத் தள்ளிவிட்டு நான் வெளியே வருகிறேன். அந்தக் காகிதங்களைக் கிழித்துவிட்டேன். கண்காட்சிக்கு விடுமுறை நாளான திங்கட்கிழமை போனேன். இந்தமுறை அம்மாவும் தொங்குரயிலில் கூட வந்து, என் நிலையத்தில் என்னைத் தள்ளி இறக்கிவிட்டு, தான் இறங்காமல் போனாள்.

வைலிங் இருட்டறைக்குள் ஏணியில் நின்று எதையோ பூட்டிக்கொண்டிருந்தாள். திரையை விலக்கிக் கட்டியிருந்தது. குரல் ஓடிக்கொண்டிருந்தது. ‘மாமா! தனியாகவா?’ என்று மேலே இருந்து கேட்டாள். நான் பழகிக்கொண்டு போன ஜெர்மன் வசனம் ஒன்றும் வரவில்லை. ‘இந்தக் குரல்…’ என்றேன். ‘ஓம், இந்தக் குரல்?’ என்றாள். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பெயர் முடிந்து மௌனம் வந்தது. அடுத்தது சியூ ஆப். அது வருவதற்கு முன் நான் அதைப் பாடினேன். அதே ஏற்றத்தில், அதே இழுப்பில். ஒலிபெருக்கி எனக்குப் பின்னால் பாடியது. அடுத்ததையும் பாடினேன். அதற்கடுத்ததையும். குரல் கிழண்டுவிட்டது, ஆனால் பண் அதேதான். அவள் ஏணியிலிருந்து மெல்ல இறங்கினாள். என் வாயையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் அழவில்லை, மகன். கோபப்பட்டாள். ‘எப்போதிலிருந்து தெரியும்?’ என்று கேட்டாள். திறப்பு விழாவிலிருந்து என்றேன். ‘ஏன் சொல்லவில்லை?’ ‘பயம்.’ ‘எதற்கு?’ ‘உன்னை இழந்துவிடுவோம் என்று.’ அவள் கீழே தரையில் இருந்துவிட்டாள். ‘என் அம்மா சிரித்தது அதற்குத்தானா’ என்று தனக்குள் சொன்னாள். நானும் வாங்கில் இருந்தேன், எழுந்து போகவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி அவள் கேட்டாள்: ‘அப்படியென்றால் பின்னால் கத்தின ஆள்?’

‘அவர்தான் உன் அப்பா.’

‘நாங்கள் அவரை எடுத்துவிட்டோம்’ என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

உன் வேலை நல்ல வேலை. எங்கெங்கே அவரை எடுத்தாயோ அங்கெல்லாம் அதே நீளத்துக்கு அமைதியை விட்டிருந்தாய். குரல் மறுபடி சுற்றி வந்தபோது, ‘இந்த இடைவெளியில் என்ன சொன்னார்?’ என்று அவள் கேட்டாள். எனக்கு எல்லாம் தெரியும். அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. முதல் இடைவெளி வந்ததும், அடிவயிற்றிலிருந்து, லாம் முதலாளி கத்தினபடியே கத்தினேன்: ‘டாய் செங் டி!’ இன்னும் உரக்க, என்று அர்த்தம் சொன்னேன்; புகை மெஷினே உன்னைவிட நன்றாகக் கதைக்கிறது என்று அதற்குப் பிறகு சொன்னார். அடுத்த இடைவெளியில் சொன்னது: ‘பன்றியைப் பார்த்தா கும்பிடுகிறாய்? அது செத்துவிட்டது! அதை விற்கப் பார்!’ அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ‘இன்னொரு தரம்’ என்றாள். சொன்னேன். அதற்கடுத்ததில் என் பெயரைச் சொல்லத் தெரியாமல் அவர் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதை இங்கே எழுத மாட்டேன், அவள் உனக்குச் சொல்லட்டும். வாழ்க்கையில் இவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. காவலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. உனக்கு எடுக்க மிகவும் கஷ்டமாக இருந்தது அதுவாகத்தான் இருக்கும். நான் பட்டியல் முழுவதையும் பிழையில்லாமல் முதல் தடவையாகச் சொல்லி முடித்த இடம். அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார். மேசையைத் தட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கி, அப்படியொரு சிரிப்பு. ‘எப்படிச் சிரித்தார்?’ என்று அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் முயன்றேன். மூன்று விதமாகச் சிரித்துப் பார்த்தேன். கிழவன் ஒருவன் இருமுகிற மாதிரித்தான் வந்தது. அது மட்டும் என்னால் முடியவில்லை.

நீ எந்தச் சத்தத்தையும் அழிப்பதில்லை, எடுத்ததைத் தனியாக வைத்திருப்பாய் என்று அவள் சொன்னாள். வாசலில் இருக்கும் எழுத்தை எடுத்துவிட்டு, நடந்ததை நான் எழுதித் தந்தால் மொழிபெயர்த்து அங்கே மாட்டலாமா என்று கேட்டாள். எழுதுகிறேன், ஆனால் முதலில் என் மகன் வாசிக்க வேண்டும் என்றேன். அவள் சம்மதித்தாள். அதுவரை உனக்குத் தொலைபேசி எடுக்க மாட்டேன், கேட்கவும் மாட்டேன் என்று சொல்லி என்னை நிலையம்வரை கூட்டிவந்து விட்டாள். என் மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வண்டி வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் குளிர் என்று தன் சால்வையை என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

உனக்கும் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். கதிரைக்கு முன்னால் என்ன போடுவது, அத்தைக்கு என்ன சொல்வது என்பதையெல்லாம் நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஜா சொல்லிவிடுவேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். இதை வாசித்து முடித்தவுடன் என்னிடம் வராதே, வைலிங்கிடம் போ. அந்தச் சிரிப்பு உன்னிடம்தான் இருக்கிறது. அதை அவளுக்குப் போட்டுக் காட்டு. எதையும் சுத்தம் செய்யாதே.

அப்பா